இருபத்தெட்டுப் புள்ளி ஆறு

படப் பிரிவு, மூன்றாம் மாடி
மார்ச் 4

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களால் நலம் கெட்டவர்கள்தான் ஆங்காங்கே இருக்கிறோம். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. என் பெண்ணின் உத்தரவு. போன தடவை நாம் இருவரும் போனில் பேசியபோது நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் அவள்தான். "அப்பா, இனிமே நீங்களும் அத்தையும் போன்ல பேசவே கூடாது. எதுவா இருந்தாலும் எழுதுங்க. எழுதினா திட்டுறதுக்கு முன்னாடி பேனாவையாவது தேடணும்ல?" என்றாள். எனக்குப் பேனா எப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கும் என்பது பாவம் அவளுக்கு ஞாபகமில்லை. ஒரே துறையில் வேலை பார்த்துத் தொலைப்பதில் ஒரு லாபம், இரண்டு அலுவலகத்துக்கும் நடுவே போய்வரும் தபால் பையில் இதைத் திணித்துவிடலாம். தபால்தலைச் செலவு இல்லை.

வளைகுடாவில் உங்கள் பையனும் என் பெண்ணும் போட்டிருக்கும் எட்டு மீன் கூண்டுகளிலும் மீன்கள் தீனியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். தண்ணீர் சூடேறிவிட்டதோ என்று பயப்படுகிறார்கள். கூண்டுகளை வெளியே ஆழத்துக்கு இழுத்துப் போய்விடலாமா என்று கேட்கிறார்கள். இழுத்தால் வழியில் ஒரு பங்கு மீன் மிரண்டே சாகும். தண்ணீர் நிஜமாகவே சூடாக இருந்து, இழுக்காமல் விட்டால் மொத்தமும் போகும். இரண்டு வருஷமாக இரண்டு பேரும் தோல் உரிய வெயிலில் நின்று வளர்த்த மீன். அதனால் அப்பா ஒரு தாள், அத்தை ஒரு தாள், இருவரும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம்.

என் தாள் இதோ: செயற்கைக்கோள் படத்தின்படி வளைகுடாவின் மேற்பரப்பு 28.6 டிகிரி. அந்த மீனுக்கு முப்பத்தொன்று வரை ஒரு கவலையும் இல்லை. இழுக்க வேண்டாம்.

இனி, நீங்கள் கடலில் கட்டிப்போட்டிருக்கும் மஞ்சள் டப்பா என்ன சொல்கிறது என்று தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளின் தகப்பன்


மிதவைப் பிரிவு, துறைமுகக் கிடங்கு
மார்ச் 6

சம்பந்தி அவர்களுக்கு,

அது டப்பா இல்லை. மிதவை. உங்களைவிட நாலு மடங்கு எடை, உங்களைவிட நாற்பது மடங்கு பொறுப்பு.

மிதவையின் அளவு: 28.6.

உங்கள் படமும் என் மிதவையும் ஒரே எண்ணைச் சொல்வது எனக்கே அருவருப்பாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது, கடல் ஒன்றுதான். இழுக்க வேண்டாம் என்று நானும் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். பிள்ளைகளுக்கு நிம்மதி. "ரெண்டு பேரும் ஒத்துப்போயிட்டாங்களா? அப்படின்னா அது உலக உண்மையாத்தான் இருக்கும்" என்று என் பையன் சிரித்தான்.

மீன் தீனி எடுக்காததற்குக் காரணம் சூடு இல்லை என்றால் வேறு என்ன என்று யோசித்தேன். தீனி போடுவது உங்கள் பெண். அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் மருமகனின் தாய்


படப் பிரிவு, மூன்றாம் மாடி
மார்ச் 10

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

"அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு என் மனைவி இரண்டு நாளாக எதுவும் சமைக்கவில்லை. ஆக, மீன் மட்டும் பட்டினி இல்லை, நானும் பட்டினி.

என் பெண் தீனி போடுவதில் என்ன குறை கண்டீர்கள்? ஒவ்வொரு கூண்டுக்கும் எடை பார்த்து, நேரம் பார்த்து, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரிப் போடுகிறாள். குறை சொல்வதென்றால் வலை கட்டுபவரைச் சொல்லுங்கள். போன வருஷம் உங்கள் பையன் கட்டிய முடிச்சு அவிழ்ந்து ஒரு கூண்டு மீன் முழுக்க விடுதலையாகிப் போனதே, அதைப் பற்றி நான் இதுவரை மூச்சு விட்டேனா? இப்போதும் விடவில்லை. சும்மா ஞாபகப்படுத்துகிறேன்.

நம் பகை எங்கே தொடங்கியது என்று என் மனைவி அடிக்கடி கேட்பாள். கல்யாண வரவேற்பில் நான் மைக்கைப் பிடித்தது தப்பு என்பாள். இல்லை. அது டிசம்பரில் நடந்த துறைக் கூட்டத்தில் தொடங்கியது. எல்லா மேலதிகாரிகளும் உட்கார்ந்திருக்க, திரையில் என் வளைகுடாப் படத்தைப் போட்டு, பக்கத்தில் உங்கள் மிதவையின் எண்ணைப் போட்டு, "படம் ஒன்றரை டிகிரி அதிகமாகக் காட்டுகிறது. இந்தக் கடலுக்குக் காய்ச்சல் இல்லை, படம் போட்டவருக்குத்தான்" என்றீர்கள். தேநீர் கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் என் பெயர் 'காய்ச்சல்'. "காய்ச்சல் இன்னிக்கு லீவா?" என்று என் காதுபடவே கேட்கிறார்கள்.

நானும் ஒப்புக்கொள்கிறேன், கடலுக்கும் எனக்கும் உள்ள உறவு நூலிழை உறவுதான். கடலே இல்லாத ஊரில், மூன்றாம் மாடியில், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் போகிற ஒரு செயற்கைக்கோள் அனுப்புகிறதை வைத்துக் கடலுக்குச் சிவப்பும் நீலமும் பூசுகிறவன் நான். எங்கள் தெருக்காரர்கள் என்னை வானிலை ஆள் என்று நினைத்துத் துணி காயப்போடலாமா என்று கேட்பார்கள். படகில் ஏறினால் கட்டிப்போட்டிருக்கும்போதே குமட்டும். ஆனால் படம் போடத் தெரியாதவன் இல்லை. இப்போது பாருங்கள், உங்கள் மிதவையோடு புள்ளி சுத்தமாக ஒத்துப்போகிறது. ஒரு நாள் இல்லை, மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும். வருகிற கூட்டத்தில் அதையும் திரையில் போட்டுக் காட்டுங்கள். மனசு வருமா?

காய்ச்சல் விட்டவன்


மிதவைப் பிரிவு
மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

மூன்றாம் எண் கூண்டில் நேற்றுக் காலை மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. கொஞ்சம் இல்லை. உங்கள் பெண் கைவலையால் அள்ளி அள்ளிப் படகில் கொட்டினாள். அழவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "நீதானே இழுக்க வேண்டாம்னு சொன்னே" என்று என் பையன் சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவன் ஹோஸைப் பிடித்துப் படகைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

நோயாக இருக்கும் என்று மீன்வளத் துறை மருத்துவர் தண்ணீரையும் செவுளையும் எடுத்துப் போயிருக்கிறார். முடிவு வர நாளாகும்.

இந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. முழுப் பக்கம் உங்கள் மானம் போன கதை. அதைப் படித்ததில் ஒரே ஒரு வரி மட்டும் எனக்கு உறுத்தியது. மூன்று மாதமாக ஒவ்வொரு நாளும் புள்ளி சுத்தமாக ஒத்துப்போகிறது என்கிறீர்கள். நான் இருபத்திரண்டு வருஷமாக மிதவை பார்க்கிறேன். செயற்கைக்கோள் பார்ப்பது கடலின் மேல்தோலை. முடியளவு கனம்கூட இல்லாத தோல். என் சென்சார் அளப்பது அதற்குக் கீழே ஒரு மீட்டரில். இரண்டும் கிட்டத்தட்ட இருக்கும். ஒரே எண்ணாக நாள் தவறாமல் இருக்காது. கட்டிய புருஷன் பெண்டாட்டியே அப்படி ஒத்துப்போவதில்லை.

நேராகக் கேட்கிறேன். என் எண்ணைப் பார்த்துக் காப்பி அடிக்கிறீர்களா? பரீட்சையில் பக்கத்துப் பெஞ்சை எட்டிப் பார்க்கிற பையன் மாதிரி?

இல்லை என்றால், திருத்தாத எண்களை அனுப்புங்கள். செயற்கைக்கோளில் இருந்து வந்தபடியே. உங்கள் கை படாமல். அதைக் கூட்டத்தில் திரையில் போடுகிறேன். மனசு நிறைய.

அவ்வளவுதான்.


படப் பிரிவு
மார்ச் 16, காலை

அம்மணி,

'சம்பந்தியம்மா' என்று எழுதக் கை வரவில்லை.

காப்பி! என்னைப் பார்த்து! வெயிலோ மழையோ ஒருநாள் தவறாமல் படம் போடுகிறவனைப் பார்த்து!

சொல்லிக்கொடுக்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். செயற்கைக்கோளுக்கும் கடலுக்கும் நடுவே காற்று இருக்கிறது. காற்றில் ஈரம், தூசி, மெல்லிய மேகம். அதெல்லாம் எண்ணைக் கெடுக்கும். அதனால் எங்கள் கணினி நிரல் ஒவ்வொரு பகுதியிலும் அக்கம்பக்கத்து மிதவைகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசத்தைச் சரிசெய்யும். அதற்குப் பெயர் திருத்தம். காப்பி அல்ல. உலகம் முழுக்க இதுதான் முறை. வழக்கமாக அரை டிகிரி இப்படி அப்படி இருக்கும். அதற்காக யாரும் யாரையும் பரீட்சைக் கூடத்தில் நிறுத்துவதில்லை.

என்னைக் கேட்டீர்களே, நானும் கேட்கிறேன். உங்கள் மிதவையின் வரைபடத்தை இன்று எடுத்து வைத்துப் பார்த்தேன். பகலில் வெயில் கொளுத்தினால் தண்ணீர் கொஞ்சம் ஏறும், ராத்திரி கொஞ்சம் இறங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். உங்கள் மிதவைக்கு மட்டும் பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. அடிமட்டக் கோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராகப் போகிறது. படகை எடுக்கச் சோம்பல்பட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே எண்களை நீங்களே தட்டி அனுப்புகிறீர்களா? அப்படியானால் கொஞ்சம் மேலே கீழே மாற்றித் தட்டுங்கள். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும்.

நீங்கள் கேட்ட திருத்தாத எண்களை இணைக்கிறேன். ஆசை தீரத் திரையில் போடுங்கள்.

அதே நாள், மாலை

மேலே உள்ளதைக் காலையில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம், நேரம் இல்லை. அப்படியே படியுங்கள். திட்டியதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இணைப்பதற்காக அந்தத் தாளை எடுத்தேன். வளைகுடா, திருத்தாத எண், நேற்று: 32.1. முந்தாநாள்: 32.3. போன வாரம்: 31.8.

மூன்றரை டிகிரி. எங்கள் நிரல் ஒவ்வொரு நாளும் மூன்றரை டிகிரியைக் கழித்து, உங்கள் எண்ணுக்குக் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கிறது. அந்த வளைகுடாவில் இருப்பது உங்கள் மிதவை ஒன்றுதான். வேறு சாட்சி இல்லை.

காற்றில் ஈரம் இருந்தால் எண் குறைவாகத் தெரியும், அதிகமாகத் தெரியாது. மூன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டுகிற காற்று எங்கேயும் கிடையாது.

உங்களுக்குப் போன் செய்தேன். என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்துக்குச் செய்தேன். எடுத்தவர் நீங்கள் வெளியே போயிருப்பதாகச் சொன்னார். பின்னால் உங்கள் குரல் தெளிவாகக் கேட்டது: "அவரா இருந்தா இல்லேன்னு சொல்லு."

என் பெண்ணுக்குச் செய்தேன். "உடனே இழுத்துட்டுப் போங்கம்மா" என்றேன். அவள், "அப்பா, அன்னிக்கு இழுக்காதேன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பினீங்க. இப்ப இழுன்னு சொல்றீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க? தப்பா இழுத்தா வழியிலேயே கொன்னுடுவோம். அத்தை மிதவையைப் பாத்துட்டுச் சொல்லட்டும், இழுக்கிறோம்" என்றாள். என் பேச்சை நம்ப மாட்டாள், உங்கள் பேச்சை நம்புவாள். பெற்று வளர்த்ததற்குப் பலன்.

வீம்பை ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு தடவை, படகை எடுத்துக்கொண்டு போய் அந்த மிதவையைப் பாருங்கள். தபால் பைக்குக் காத்திருக்கவில்லை. உங்கள் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் வாசலில் வந்து நின்றால் அவரிடமாவது இல்லை என்று சொல்லாதீர்கள். அவர் நல்ல மனிதர்.


படகுத்துறை
மார்ச் 17

சம்பந்தி,

கை ஈரம். எழுத்து கலைந்திருந்தால் சகித்துக்கொள்ளுங்கள்.

விடிந்ததும் போனேன். மிதவை இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. சென்சார்தான் இருக்கிற இடத்தில் இல்லை. அதைச் சங்கிலியோடு இறுக்கிப் பிடித்திருந்த கிளாம்ப் தளர்ந்து வழுக்கி வழுக்கிக் கீழே போயிருக்கிறது. நானும் படகுக்காரரும் கையாலேயே இழுத்தோம். சிப்பியும் பாசியும் மூடிய சங்கிலி வந்துகொண்டே இருந்தது. பன்னிரண்டு மீட்டர் இழுத்த பிறகுதான் சென்சார் தலையைக் காட்டியது. அங்கே வெயிலும் எட்டாது, ராத்திரியும் தெரியாது. அதனால்தான் அடிமட்டக் கோல் கோடு.

வாளியில் மேல்தண்ணீரை அள்ளிக் கைத்தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன். 32.4. மறுபடி அள்ளினேன். 32.4.

அங்கிருந்தே பிள்ளைகளைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்லிவிட்டேன். இழுவைப் படகு வந்துகொண்டிருக்கிறது. நேற்றே இரண்டாம் கூண்டும் ஆறாம் கூண்டும் போய்விட்டன. மிச்சம் ஐந்து. போய்ச் சேருமா என்று தெரியவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் ஆளை இறக்கி கிளாம்பைப் பார்ப்பது எங்கள் வழக்கம். இந்த வருஷம் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம். சரிபார்க்கலாம் என்று ஜனவரியில் உங்கள் படத்தைத் திறந்தேன். என் எண்ணும் உங்கள் எண்ணும் ஒன்றாக இருந்தன. 'மேலே இருந்து பார்க்கிறவனே சரி என்கிறான், படகை எடுத்து டீசலை எதற்குக் கொளுத்த வேண்டும்' என்று விட்டுவிட்டேன். வாழ்க்கையில் நான் உங்களை நம்பியது அந்த ஒரு தடவைதான்.

தாள் அனுப்பியதற்கு நன்றி சொல்ல மாட்டேன். எதிர்பார்க்காதீர்கள். பேருந்து ஓட்டுநருக்குச் சொல்லிவிட்டேன்.


படப் பிரிவு
மார்ச் 20

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

கூண்டுகள் என்ன ஆயின? பெண் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளை எடுத்து, "மாமா, வேலையா இருக்கோம்" என்று வைத்துவிடுகிறார். நீங்களாவது ஒரு வரி எழுதக் கூடாதா? மூன்று நாளாகப் படம் போடும்போதெல்லாம் அந்த வளைகுடாவை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கூண்டு தெரியுமா அதில்? ஒரு சதுரத்துக்கு ஒரு கிலோமீட்டர். சிவப்புதான் தெரிகிறது.

இப்போது என் பங்கு. ஒளிப்பதற்கு இல்லை, எப்படியும் துறை விசாரிக்கும்.

எங்கள் நிரலில் திருத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு டிகிரிக்குமேல் மிதவையோடு வித்தியாசம் வந்தால் நிரல் திருத்தாமல் நின்றுவிடும். "இங்கே ஏதோ சரியில்லை, மனுஷனைக் கூப்பிடு" என்று சிவப்பு விளக்குப் போடும். நல்ல எல்லை. டிசம்பர் கூட்டத்துக்கு மறுநாள் நான் அதை எடுத்துவிட்டேன். உங்கள் வளைகுடாவுக்கு மட்டும். 'இந்த அம்மாள் மிதவை எதைச் சொன்னாலும் தலையாட்டு' என்று நிரலுக்குச் சொல்லிவைத்தேன். இனி என் படத்தை உங்களால் திரையில் போட்டுச் சிரிக்க முடியாது அல்லவா? அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

ஆக, நான் உங்களைப் பார்த்து எழுதினேன். நீங்கள் என்னைப் பார்த்துச் சரி போட்டீர்கள். நடுவில் கடல் என்று ஒன்று இருந்ததை இரண்டு பேருமே பார்க்கவில்லை.

ஆனால் ஒன்று. ஒரு ராத்திரி முழுக்க யோசித்து இதைக் கண்டுபிடித்தேன். கிளாம்ப் எப்போது வழுக்கத் தொடங்கியது? நவம்பர்ப் புயலில்தானே? அப்படியானால் டிசம்பர்க் கூட்டத்தின்போதே சென்சார் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அன்று என் படம் காட்டிய அந்த ஒன்றரை டிகிரி காய்ச்சல் நிஜம். படம் சரி. மிதவை தப்பு. தேநீர் கொண்டுவந்தவர் சிரித்தது தப்பு. மூன்று மாதமாக என்னைக் 'காய்ச்சல்' என்று கூப்பிடுகிறார்களே, எல்லாம் தப்பு!

அடுத்த கூட்டத்தில், அதே திரையில், அதே ஆட்கள் முன்னால், நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும். தேநீர்க்காரரும் இருக்க வேண்டும்.

சரியாக இருந்தவன்


மிதவைப் பிரிவு
மார்ச் 25

சம்பந்தி அவர்களுக்கு,

ஐந்து கூண்டும் போய்ச் சேர்ந்தன. வழியில் செத்தது கொஞ்சம். நேற்றிலிருந்து மீன் தீனி எடுக்கிறது. உங்கள் பெண் அதைச் சொல்லும்போதுதான் அழுதாள். மூன்று கூண்டு செத்தபோது அழாதவள்.

நீங்கள் கேட்ட மன்னிப்பு. டிசம்பரில் நீங்கள்தான் சரி. கூட்டத்தில் சொல்கிறேன், தேநீர்க்காரரைக் கூப்பிட்டு வைத்தே சொல்கிறேன். எனக்கு அதில் வெட்கம் இல்லை. கிளாம்ப் வழுக்கும், யார் மிதவையானாலும் வழுக்கும். பார்க்காமல் விட்டது என் தப்பு, அதையும் அறிக்கையில் எழுதிவிட்டேன். சென்சாரைப் பழையபடி ஒரு மீட்டருக்கு ஏற்றி இறுக்கியும்விட்டேன்.

ஆனால் நீங்கள் சரியாக இருந்ததில் என்ன பெருமை? கையில் சரியான எண்ணை வைத்துக்கொண்டு, ஒரு பொம்பளை கிண்டலாகச் சொன்ன ஒரு வரிக்குப் பயந்து அதை மாற்றிக்கொண்டீர்கள். எதிர்த்து நின்று, "என் படம்தான் சரி, போய் உன் மிதவையைப் பார்" என்று அன்றே கத்தியிருந்தால் நான் கோபத்தில் படகை எடுத்துக்கொண்டு போயிருப்பேன். போய்ப் பார்த்திருப்பேன். கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து அரை மணி நேரம் என்னைக் கிண்டல் பண்ணத் தெரிந்தது. தேவையான இடத்தில் வாயை மூடிக்கொண்டீர்கள். தப்பு பண்ணியவரை மன்னிப்பேன். சரியாக இருந்துவிட்டுப் பின்வாங்கியவரை மன்னிக்க மாட்டேன். இதையும் அறிக்கையில் எழுத நினைத்தேன். அதற்குக் கட்டம் இல்லை.

பிள்ளைகள் நேற்று வந்தார்கள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எனக்குத் தண்டனை வாசித்தார்கள். அதில் உங்கள் பங்கும் உண்டு.

என் பையன் கேட்டான்: "ஏம்மா, கல்யாணத்துல எந்த நாற்காலி எங்க போடணும்ங்கிறதுல கூட நீங்க ரெண்டு பேரும் ஒத்துப்போகல. என் மீன் விஷயத்துல மட்டும் புள்ளி தவறாம ஒத்துப்போனீங்களே, எப்படிம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் பெண் சொன்னாள்: "அத்தை, தனித்தனியாத் தப்பு பண்ணியிருந்தா நாங்க கண்டுபிடிச்சிருப்போம். சேர்ந்து பண்ணீங்க பாருங்க, அதான் எங்களால முடியல. இனிமே எங்களுக்கு ஒரே ஒரு சட்டம்தான். நீங்களும் அப்பாவும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கிறவரைக்கும் கூண்டு இருக்கிற இடத்துலயே இருக்கும். என்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே எண்ணைச் சொல்றீங்களோ, அன்னிக்கே இழுத்துடுவோம்."

இன்னொன்றும் சொன்னாள். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு தடவை நீங்களும் நானும் ஒரே படகில் அந்த மிதவைக்குப் போய், கிளாம்பைக் கண்ணால் பார்த்து, தண்ணீரை அள்ளி அளக்க வேண்டுமாம். இருவரும் சேர்ந்து. தட்டிக்கழித்தால் பேரப்பிள்ளை பிறந்தால் போட்டோகூட அனுப்ப மாட்டாளாம்.

அப்படி ஏதாவது சேதி இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பேரும் மீனைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

மிதவைக்காரி


படப் பிரிவு
ஏப்ரல் 2

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியை என் மனைவி நாலு தடவை படித்துவிட்டாள். நடுவில் என்னை நீங்கள் கிழித்துத் தொங்கவிட்டிருக்கும் பத்தியை ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. நான் பல தடவை படித்தேன். பதில் எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்தேன். நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையை வெட்ட முடியவில்லை. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

எல்லையைப் பழையபடி வைத்துவிட்டேன். சிவப்பு விளக்கு என் மேசைமேலேயே எரியும்படி செய்திருக்கிறேன். யார் திரையில் போட்டுச் சிரித்தாலும் இனி தொட மாட்டேன்.

படகு விஷயம். என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஊஞ்சல் ஆடுகிற வீட்டுக்கு நான் போவதில்லை. மருத்துவரிடம் சான்றிதழ் கேட்டேன். "எதுக்கு?" என்றார். "கடலுக்குப் போகாமல் இருக்க" என்றேன். "உங்க வேலையே கடல்தானே?" என்றார். அங்கே என் மனைவியும் இருந்தாள். விஷயம் அதோடு முடிந்தது. பன்னிரண்டாம் தேதி காலைப் பேருந்தில் வருகிறேன். அதே ஓட்டுநர். என்னைவிட அவர்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

இன்றைக்கு என் படம் வளைகுடாவுக்கு 31.3 என்கிறது. உங்களுடையது?

பின்குறிப்பு: உங்கள் பதில் 31.3 என்று இருந்தால் தயவுசெய்து பதிலே போடாதீர்கள்.


மிதவைப் பிரிவு
ஏப்ரல் 6

சம்பந்தி அவர்களுக்கு,

31.0. உங்கள் படம் தப்பு. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன், நிம்மதியாகத் தீனி போடுகிறார்கள்.

பன்னிரண்டாம் தேதி வாருங்கள். படகில் இரண்டு வாளி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீலம், கடல் தண்ணீரை அள்ளி அளக்க. சிவப்பு, உங்களுக்கு. அவசரத்தில் மாற்றி எடுத்துவிடாதீர்கள். நீலத்தில் உங்கள் தெர்மாமீட்டரை நீங்கள் விடுங்கள், என்னுடையதை நான் விடுகிறேன். எண்ணை வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னால் அவரவர் கையில் எழுதிக்கொள்வோம். என் கையை எட்டிப் பார்த்தால் படகைத் திருப்பிவிடுவேன்.

உங்கள் மருமகனின் தாய்